முதலில் தண்ணீரில் இறங்குபவருக்கு என்ன சொல்லிக்கொடுத்தோம்?

2015 டிசம்பர் 1, சென்னை. அன்றைய 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ., செம்பரம்பாக்கத்தில் 47 செ.மீ. மழை. நள்ளிரவை நெருங்கும்போது செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து நொடிக்கு 29,000 கன அடி தண்ணீர் அடையாற்றில் வந்துகொண்டிருந்தது. லிட்டரில் சொன்னால் நொடிக்கு எட்டு லட்சத்துக்கும் மேல். சைதாப்பேட்டை, ஜாபர்கான்பேட்டை, கோட்டூர்புரம் என்று ஆற்றங்கரை ஊரெல்லாம் தெருவே ஆறாகிவிட்டது. மின்சாரம் போனது, கொஞ்ச நேரத்தில் செல்போன் கோபுரங்களும் அடங்கின.

அரக்கோணத்திலிருந்து தேசியப் பேரிடர் மீட்புப் படை வந்தது. ராணுவம் வந்தது. மீனவர்கள் தங்கள் படகுகளை லாரியில் ஏற்றிக்கொண்டு நகருக்குள் வந்தார்கள். இவர்களையெல்லாம் நாம் நன்றாக நினைவில் வைத்திருக்கிறோம், வைத்திருக்கவும் வேண்டும். ஆனால் இவர்கள் வந்து சேர்வதற்கு முந்தைய மணி நேரங்களில் தெருவில் நின்றவர் யார்? வார்டு உதவிப் பொறியாளர், துப்புரவு ஆய்வாளர், தூய்மைப் பணியாளர், மலேரியா பணியாளர், பம்ப் இயக்குபவர், லாரி டிரைவர். முகாமாக மாறிய பள்ளியின் வாட்ச்மேனையும் சேர்த்துக்கொள்ளலாம். எல்லாரும் மாநகராட்சி ஆட்கள். பேரிடர் மீட்பு இவர்களின் வேலை விவரத்தில் ஒரு வரியாகக்கூடப் பெரும்பாலும் இருக்காது. ஆனாலும் தண்ணீர் வரும்போது முதலில் அதில் இறங்குவது இவர்கள்தான்.

அந்த வாரம் ஒரு நிவாரண முகாமுக்குப் பாய்களும் பிஸ்கட்டும் கொண்டுபோனேன். இரண்டு மாடிப் பள்ளிக்கூடம். கீழ்த்தளத்தில் ஈரத் தரையில் குழந்தைகளோடு நூறு பேருக்கு மேல் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். மேல்மாடி வகுப்பறைகள் பூட்டிக் கிடந்தன. சாவி வைத்திருந்தவரின் வீடே தண்ணீருக்குள். அவரை எட்ட வழியில்லை. பூட்டை உடைக்கலாமா என்று கேட்டால், அங்கே இருந்த ஊழியருக்கு அந்த அதிகாரம் தனக்கு உண்டா இல்லையா என்று தெரியவில்லை. நல்ல மனிதர். இரண்டு நாள் தூங்காத கண்கள். அவர் மீது எனக்குக் கோபம் வரவில்லை. 'அந்த நேரத்தில் பூட்டை உடைக்கலாம், பிறகு ஒரு தாளில் எழுதிக் கொடுத்தால் போதும்' என்று அவருக்கு யாராவது முன்பே சொல்லியிருந்தால், அந்தக் குழந்தைகள் காய்ந்த தரையில் படுத்திருப்பார்கள். பேரிடர் பயிற்சி என்று நான் சொல்வது பெரும்பாலும் இந்த அளவுக்குச் சின்ன விஷயங்களைத்தான்.

சட்டம் என்ன சொல்கிறது?

2004 சுனாமிக்குப் பிறகு, 2005 டிசம்பரில் பேரிடர் மேலாண்மைச் சட்டம் வந்தது. தேசிய, மாநில, மாவட்ட அளவில் ஆணையங்கள் அமைந்தது இதன்படிதான். இந்தச் சட்டத்தின் 41ஆவது பிரிவு உள்ளாட்சி அமைப்புகளுக்கானது. அதில் முதல் கடமையாக எழுதியிருப்பதே, தன் அலுவலர்களும் பணியாளர்களும் பேரிடர் மேலாண்மையில் பயிற்சி பெற்றிருப்பதை உள்ளாட்சி அமைப்பு உறுதி செய்ய வேண்டும் என்பதுதான். கருவிகளையும் வாகனங்களையும் தயாராக வைத்திருப்பது அதற்கு அடுத்துத்தான் வருகிறது. நிவாரணம், மறுவாழ்வு எல்லாம் இன்னும் கீழே. சட்டம் எழுதியவர்கள் வரிசையை யோசித்துத்தான் வைத்திருக்கிறார்கள் என்று நினைக்கிறேன். பம்ப் வாங்குவதற்கு முன்னால் பம்பை ஓட்டுபவர்.

அதே சட்டத்தின் 56ஆவது பிரிவு, இந்தச் சட்டப்படி தனக்கு இடப்பட்ட கடமையைச் செய்ய மறுக்கும் அல்லது அதிலிருந்து விலகிக்கொள்ளும் அலுவலருக்கு ஓராண்டு வரை சிறையோ அபராதமோ விதிக்க வழி செய்கிறது. பயிற்சி தருவது நிர்வாகத்தின் கடமை, களத்தில் நிற்பது ஊழியரின் கடமை. இந்த இரண்டில் பின்னதற்கான தண்டனைதான் எல்லாருக்கும் நினைவில் இருக்கிறது.

2025இல் ஒரு முக்கியமான திருத்தம் நடைமுறைக்கு வந்தது. மாநிலத் தலைநகரங்களுக்கும் மாநகராட்சி உள்ள பெரிய நகரங்களுக்கும் தனியாக நகர்ப்புறப் பேரிடர் மேலாண்மை ஆணையம் அமைக்க மாநில அரசுக்கு அது அதிகாரம் தருகிறது. தலைவர் மாநகராட்சி ஆணையர், துணைத் தலைவர் மாவட்ட ஆட்சியர். இதுவரை பேரிடர் என்றாலே வருவாய்த் துறையும் ஆட்சியர் அலுவலகமும்தான் முன்னால் நின்றன. கிராமத்துக்கு அது பொருந்தும். சென்னை போன்ற இடத்தில் வடிகால், குப்பை, தெருவிளக்கு, பள்ளிக்கூடம், ஆரம்ப சுகாதார நிலையம் எல்லாம் மாநகராட்சி கையில் இருக்கும்போது திட்டம் மட்டும் வேறிடத்தில் இருந்தால் எப்படி? அந்த இடைவெளியை அடைக்கத்தான் இந்தத் திருத்தம். இனிமேல் 'எங்கள் ஆட்களுக்குப் பயிற்சி தருவது யார் பொறுப்பு' என்ற கேள்விக்கு ரிப்பன் மாளிகைக்கு வெளியே விடை தேட வேண்டியிருக்காது.

வகுப்பறையில் நடப்பது

பயிற்சியே இல்லை என்று சொல்ல மாட்டேன். டெல்லியில் தேசியப் பேரிடர் மேலாண்மை நிறுவனம் இருக்கிறது. சென்னையில், முன்பு அண்ணா மேலாண்மை நிலையம் என்றிருந்த அண்ணா நிர்வாகப் பணியாளர் கல்லூரி இருக்கிறது. நகராட்சி, மாநகராட்சி ஊழியர்களுக்கென்றே கோவையில் நகரியல் பயிற்சி நிறுவனம் இருக்கிறது. வடகிழக்குப் பருவமழைக்கு முந்தைய மாதங்களில் வகுப்புகள் நடக்கின்றன, கூட்டங்கள் நடக்கின்றன, ஒத்திகைகளும் நடக்கின்றன.

இப்படிப்பட்ட வகுப்புகள் இரண்டில் பின்வரிசையில் உட்கார்ந்து கேட்டிருக்கிறேன். திரையில் பேரிடர் மேலாண்மைச் சக்கரம் சுற்றியது: தணித்தல், ஆயத்தம், மீட்பு, மறுவாழ்வு. பேசியவர் விஷயம் தெரிந்தவர், அக்கறையோடுதான் பேசினார். ஆனால் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் இருபது வருடமாக வடிகால் வேலை பார்ப்பவர். அவர் மனதில் இருந்த கேள்வி வேறு. இடுப்பளவு தண்ணீரில் மின் பில்லர் பெட்டி மூழ்கிக் கிடக்கிறது, பக்கத்து வீட்டில் வயதான அம்மா ஒருவர் கூப்பிடுகிறார், நான் போகலாமா கூடாதா? அந்தக் கேள்விக்கு விடை எந்த ஸ்லைடிலும் இல்லை.

அந்தக் கேள்விக்கு விடை உண்டு. போகக் கூடாது, அந்தப் பகுதிக்கு மின்சாரம் கொண்டுவரும் ஃபீடர் லைனை மின்வாரியம் நிறுத்திவிட்டதென்று உறுதியாகும்வரை. இதை ஒரு வரியாகச் சொல்லிவிடலாம். ஆனால் கூப்பிடும் குரலைக் கேட்டுக்கொண்டே நிற்க வேண்டுமென்றால் அந்த வரி உடம்பில் ஏறியிருக்க வேண்டும். யாருக்கு போன் செய்வது, அந்த எண் கையில் இருக்கிறதா, எதிர்முனையில் எடுப்பவருக்குத் தெருப் பெயரைச் சொன்னால் எந்த ஃபீடர் என்று தெரியுமா, இல்லை டிரான்ஸ்பார்மர் எண்ணைச் சொல்ல வேண்டுமா? இவற்றையெல்லாம் வெயில் காலத்திலேயே ஒருமுறை செய்து பார்த்திருக்க வேண்டும்.

2025 ஆகஸ்ட்டில் சென்னை கண்ணகி நகரில் அதிகாலையில் வேலைக்குக் கிளம்பிய தூய்மைப் பணியாளர் ஒருவர், தெருவில் தேங்கிய மழைநீரில் கால் வைத்தபோது மின்சாரம் பாய்ந்து இறந்துபோனார். அன்று புயலும் இல்லை, சிவப்பு எச்சரிக்கையும் இல்லை. சாதாரண மழை. தேங்கிய தண்ணீரைக் கண்டால் நிதானிக்க வேண்டும் என்று அடுத்தவருக்குச் சொல்லித்தர வேண்டிய இடத்தில் இருந்தவரே பலியாகிறார் என்றால், பழுதான கேபிளைச் சரிசெய்யாதது முதல் குற்றம். அதை எந்தப் பயிற்சியும் ஈடுகட்டாது. ஆனால் இனி வரும் பயிற்சி எங்கிருந்து தொடங்க வேண்டும் என்பதை அந்த மரணம் சொல்கிறது. ஊழியரின் சொந்த உயிரிலிருந்து தொடங்க வேண்டும்.

ஓட்சுச்சியின் நகர மன்றம்

ஜப்பானைப் போலப் பேரிடர் ஒத்திகை நடத்தும் நாடு வேறில்லை. 1923 காந்தோ நிலநடுக்கத்தின் நினைவாக ஆண்டுதோறும் செப்டம்பர் 1 அன்று நாடு முழுக்க ஒத்திகை. அப்படிப்பட்ட நாட்டில், 2011 மார்ச் 11 அன்று ஓட்சுச்சி என்ற கடலோர ஊரில் நடந்ததை நகர நிர்வாகத்தில் இருக்கும் எல்லாரும் படிக்க வேண்டும்.

நிலநடுக்கம் முடிந்ததும் நகர மன்றத்தின் பழைய இரண்டு மாடிக் கட்டடத்துக்குள் இருப்பது ஆபத்து என்று ஊழியர்கள் வெளியே வந்தார்கள். கட்டடத்துக்கு முன்னாலேயே பேரிடர் தலைமையகத்தை அமைத்து மேயர் தலைமையில் கூடினார்கள். கடமை உணர்வுதான் அவர்களை அங்கே நிறுத்தியது. ஊரைக் காப்பாற்றும் வேலையைத் தொடங்கிக்கொண்டிருந்தவர்கள் மீது சுனாமி வந்து மோதியது. மேயர் உட்பட நகர ஊழியர்கள் மொத்தம் சுமார் 40 பேர் அன்று இறந்தார்கள். அந்த ஊரில் மொத்தம் 1,200க்கும் மேற்பட்டோர் இறந்தோ காணாமலோ போனார்கள். அதற்குப் பிறகுதான் இன்னொரு இழப்பு புரிந்தது. எந்த வீட்டில் யார் இருந்தார்கள், எந்தப் பதிவேடு எங்கே, யார் கையெழுத்துப் போட்டால் அரிசி வரும் என்று தெரிந்தவர்களே இல்லை. புதிய மேயரைத் தேர்ந்தெடுக்க ஆகஸ்ட் மாதம்வரை ஆயிற்று.

நகர ஊழியர் ஒருவர் இறந்தால் ஒரு குடும்பம் உடைகிறது. அதோடு, அவர் மனதில் இருந்த ஊரின் வரைபடமும் போகிறது. எந்த மேன்ஹோல் மூடி ஆடும், எந்தத் தெருவில் படுத்த படுக்கையாக இருப்பவர் இருக்கிறார், எந்த வடிகால் எங்கே போய் முட்டி நிற்கிறது என்பதெல்லாம் எந்தக் கம்ப்யூட்டரிலும் இல்லை. 'உன்னை முதலில் காப்பாற்றிக்கொள்' என்று கற்றுக்கொடுப்பது சுயநலத்தைக் கற்றுக்கொடுப்பதாகாது. அது ஊரையும் சேர்த்துக் காப்பாற்றுவது.

இதே பாடம் நம் ஊரில் கழிவுநீர்த் தொட்டிகளில் திரும்பத் திரும்ப எழுதப்படுகிறது. ஒருவர் விஷவாயுவில் மயங்கி விழுகிறார். அவரைத் தூக்க இன்னொருவர் இறங்குகிறார். மூன்றாமவரும் இறங்குகிறார். மூன்று பேருமே வெளியே வருவதில்லை. மனிதக் கழிவகற்றும் வேலைக்கு ஆட்களை அமர்த்துவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது என்பது ஒரு பக்கம். வெள்ள நேரத்தில் அடைப்பு எடுக்கும் அவசரத்தில் சட்டம் மறந்துபோகிறது என்பது இன்னொரு பக்கம். 'இறங்காதே, ஆளைக் கூப்பிடு' என்பது பாசத்துக்கு எதிரான கட்டளை. அதனால்தான் அதைச் சொல்வதோடு நிறுத்தாமல் பழக்க வேண்டும்.

எண்ணை ஊருக்குப் பொருத்துவது

நாளை 20 செ.மீ.க்கு மேல் மழை என்று வானிலை ஆய்வு மையம் சிவப்பு எச்சரிக்கை விடுகிறது. மஞ்சள் என்றால் கவனி, ஆரஞ்சு என்றால் தயாராயிரு, சிவப்பு என்றால் செயலில் இறங்கு. சரி, 20 செ.மீ. என்றால் என் வார்டுக்கு என்ன அர்த்தம்?

கணக்கு எளிது. ஒரு சதுர கிலோமீட்டரில் 1 செ.மீ. மழை பெய்தால் 1 கோடி லிட்டர் தண்ணீர். சென்னை மாநகராட்சியின் பரப்பு 426 சதுர கி.மீ. அது முழுவதும் 10 செ.மீ. பெய்தால் 4,260 கோடி லிட்டர். செம்பரம்பாக்கம் ஏரியின் முழுக் கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி, லிட்டரில் சொன்னால் சுமார் 10,300 கோடி. நகர எல்லைக்குள் மட்டும் 24 செ.மீ. மழை பெய்தால், ஒரு முழுச் செம்பரம்பாக்கத்தை ஊரின் தலையில் கவிழ்த்தது போல. இந்த ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்தவருக்கு, பம்ப் வைத்து மட்டும் இதை இறைத்துவிட முடியாது என்பதும், தண்ணீர் போகும் பாதையைத் திறந்து வைப்பதுதான் வேலை என்பதும் தானாகப் புரியும்.

பாதை என்றால் எந்தப் பாதை? வேளச்சேரியில் விழும் மழை பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துக்குப் போக வேண்டும். அங்கிருந்து ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாய், பிறகு கோவளம் பக்கம் கடல். இதில் எங்கே அடைத்தாலும் வேளச்சேரித் தெருவில் தண்ணீர் நிற்கும். கடலில் ஓதம் ஏறியிருக்கும் நேரத்தில் முகத்துவாரம் தண்ணீரை வாங்காது. வார்டு ஊழியர் ஒவ்வொருவரும் தன் வார்டில் விழும் தண்ணீர் கடல்வரை போகும் வழியை ஒருமுறையாவது நடந்து பார்த்திருக்க வேண்டும் என்பேன். இதற்குப் பெரிய நிபுணர் வேண்டாம், ஒரு நாளும் ஒரு வேனும் போதும். நான் பார்த்த எந்தப் பயிற்சி அட்டவணையிலும் இப்படி ஒரு நாள் இல்லை.

மக்கள் இதையெல்லாம் தாங்களாகவே கற்றுக்கொள்கிறார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் காரை இழந்தவர்கள், 2024 அக்டோபரில் சிவப்பு எச்சரிக்கை வந்ததும் வேளச்சேரி மேம்பாலத்தின் மீது வரிசையாகக் கார்களைக் கொண்டுபோய் நிறுத்தினார்கள். அந்த முறை எதிர்பார்த்த மழை வரவில்லை. ஆனாலும் அவர்கள் செய்தது சரி. பாலத்தின் மீது கார் நிறுத்தக் கற்றுக்கொண்ட ஊரில், அந்தப் பாலத்தில் ஆம்புலன்ஸுக்கு ஒரு தடம் விட்டு வைப்பது எப்படி என்று வார்டு ஊழியரும் போக்குவரத்துக் காவலரும் சேர்ந்து முன்பே பேசிவைத்திருக்க வேண்டும் அல்லவா?

யார் பேச்சை யார் கேட்பது?

தெருவில் தண்ணீர் நிற்கிறது என்று ஒருவர் மாநகராட்சியின் புகார் எண்ணான 1913க்கு போன் செய்கிறார். அது மழைநீர் வடிகால் என்றால் மாநகராட்சி. பாதாளச் சாக்கடை பொங்கியது என்றால் குடிநீர் வாரியம். ஏரி, ஆறு என்றால் நீர்வளத் துறை. பெரிய சாலை என்றால் நெடுஞ்சாலைத் துறையாகவும் இருக்கலாம். அறுந்து விழுந்த கம்பி மின்வாரியம். மாநகராட்சியின் மண்டல எல்லையும் மின்வாரியத்தின் கோட்ட எல்லையும் ஒன்றல்ல. நிற்பது என்னவோ ஒரே தண்ணீர்தான்.

1991 அக்டோபரில் அமெரிக்காவின் ஓக்லண்ட் மலைப் பகுதியில் தீப்பிடித்தது. 25 பேர் இறந்தார்கள், சுமார் 3,000 வீடுகள் எரிந்தன. பக்கத்து நகரங்களிலிருந்து தீயணைப்பு வண்டிகள் ஓடி வந்தன. ஆனால் ஓக்லண்டின் தண்ணீர்க் குழாய் வாய்கள் 3 அங்குலம், வந்தவர்களின் ஹோஸ் இணைப்புகள் இரண்டரை அங்குலம். ரேடியோ அலைவரிசைகளும் ஒத்துப்போகவில்லை. அதற்குப் பிறகுதான் கலிபோர்னியா, எல்லா நகரங்களும் துறைகளும் ஒரே மாதிரி கட்டளை முறையில் இயங்க வேண்டும் என்று சட்டம் செய்தது. அந்த மாநிலத்தில் அரசு ஊழியர் எவரும், நூலகரானாலும் வரிப் பிரிவு எழுத்தரானாலும், பேரிடர்ப் பணியாளராகச் சட்டப்படி கருதப்படுகிறார். வேலைக்குச் சேரும்போதே உறுதிமொழி எடுக்கிறார். நம் ஊரிலும் வரி வசூலிப்பவரும் ஆசிரியரும் முகாம் வேலைக்குப் போகத்தான் செய்கிறார்கள். அவர்களுக்கு அந்தச் செய்தி பெரும்பாலும் முதல் நாள் இரவு வருகிறது.

அந்தக் கட்டளை முறையின் இந்திய வடிவத்தைத் தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் 2010இல் வழிகாட்டு நெறியாக வெளியிட்டது. அதன் உள்ளே இருக்கும் யோசனைகள் இரண்டு. ஒருவருக்கு ஒரே மேலதிகாரி. ஒருவரின் கீழ் சுமார் ஐந்து பேர், அதற்கு மேல் போனால் இன்னொருவரை நடுவில் வை. அவ்வளவுதான். இதை மழைநாள் உதவிப் பொறியாளரின் செல்போனோடு ஒப்பிட்டுப் பாருங்கள். மண்டல அலுவலர், கண்காணிப்புக்கென்று அனுப்பப்பட்ட ஐ.ஏ.எஸ். அதிகாரி, கவுன்சிலர், சட்டமன்ற உறுப்பினர் அலுவலகம், குடியிருப்போர் சங்கச் செயலாளர், இரண்டு டிவி நிருபர்கள், ஏழெட்டு வாட்ஸ்அப் குழுக்கள். எல்லாரும் கேட்பது நியாயம்தான். ஆனால் ஒரே மனிதர் எல்லாருக்கும் பதில் சொல்லிக்கொண்டு எந்தப் பம்பை எங்கே நகர்த்துவது என்று யோசிக்க முடியாது. எனவே பயிற்சி கீழே இருப்பவருக்கு மட்டுமானதல்ல. அந்த இரவில் நேராக உதவிப் பொறியாளருக்கு போன் போடாமல் கட்டுப்பாட்டு அறை வழியாகப் பேசுவது என்ற ஒழுங்கை ஆணையரும் கவுன்சிலரும் சேர்ந்து பழக வேண்டும். என் பார்வையில் மிகக் கடினமான பயிற்சி இதுதான்.

மேசையைச் சுற்றி ஒரு மணி நேரம்

செலவே இல்லாத ஒரு பயிற்சி முறை உண்டு. மேசை ஒத்திகை என்று சொல்லலாம். ஒரு வார்டு அலுவலகத்தில் பத்துப் பன்னிரண்டு பேர் உட்கார்கிறார்கள்: பொறியாளர், துப்புரவு ஆய்வாளர், பம்ப் ஆள், பள்ளித் தலைமையாசிரியர், சுகாதார நிலையச் செவிலியர், மின்வாரியத்திலிருந்து ஒருவர், காவல் நிலையத்திலிருந்து ஒருவர், ஒப்பந்த நிறுவனத்தின் மேற்பார்வையாளர். நடுவில் வார்டு வரைபடம். நடத்துபவர் ஒரு கற்பனை இரவை விவரிக்கிறார்.

இரவு 11 மணி. மூன்று மணி நேரத்தில் 14 செ.மீ. பெய்துவிட்டது. சுரங்கப்பாதையில் ஒன்றரை அடித் தண்ணீர். யார் மூடுவது? தடுப்பு எங்கே இருக்கிறது? அதை வைக்க இருவர் வேண்டும், இப்போது பணியில் இருப்பது ஒருவர்தான். சரி, வைத்தாயிற்று. 11.40. மின்சாரம் போகிறது. பம்புக்கு டீசல் எவ்வளவு நேரம் வரும்? பங்க்கில் மின்சாரம் இல்லாவிட்டால் டீசல் எப்படி எடுப்பார்கள்? 12.15. செல்போன் சிக்னல் இல்லை. இப்போது உங்களில் யார் யாரோடு பேச முடியும்? வாக்கி டாக்கி யாரிடம், சார்ஜ் இருக்கிறதா? பேச்சே இல்லாமல் போனால் எல்லாரும் காலை 5 மணிக்கு எந்த இடத்தில் சந்திப்பது? 12.50. முகாமுக்கு ஒரு கர்ப்பிணிப் பெண் வருகிறார், வலி எடுத்துவிட்டது.

இந்த ஒரு மணி நேரத்தில் யாரும் நனைவதில்லை, ஆனால் ஓட்டைகள் அத்தனையும் வெளியே வந்துவிடும். நான் சொன்ன அந்தப் பள்ளிச் சாவி இப்படி ஒரு மேசையில் கண்டிப்பாகப் பேசப்பட்டிருக்கும். மேல்மாடிச் சாவியின் இன்னொரு பிரதி யாரிடம் என்று தலைமையாசிரியரிடம் கேட்க ஒரு நிமிடம் போதும்.

அதற்குப் பிறகுதான் கையால் செய்யும் பயிற்சி. படகில் ஆளை ஏற்றும்போது எல்லாரும் ஒரே பக்கம் சாயாமல் இருப்பது. கயிற்றைப் பிடித்தபடி, முன்னால் கம்பால் தரையைத் தட்டிப் பார்த்து நடப்பது. ஓடும் தண்ணீர் அரை அடி ஆழம் இருந்தாலே பெரிய ஆளின் காலையும் வாரிவிடும் என்பதை ஒருமுறை உணர்வது. டீசல் பம்பை மூடிய கார் நிறுத்துமிடத்துக்குள் வைத்து ஓட்டினால் புகை ஆளைக் கொல்லும் என்று தெரிந்துகொள்வது. மேன்ஹோல் மூடியைத் திறந்தால் அந்த இடத்தை விட்டு ஆள் நகரக் கூடாது என்பது. 2017 ஆகஸ்ட்டில் மும்பையில் வெள்ளம் வடிவதற்காகத் திறக்கப்பட்ட மேன்ஹோலில் விழுந்து மூத்த மருத்துவர் ஒருவர் இறந்தார். திறந்தது நல்ல எண்ணத்தில்தான். முதலுதவியும் இந்தப் பட்டியலில் உண்டு. மார்பை அழுத்திச் சுவாசம் கொடுக்கும் முறையை வருடத்துக்கு ஒருமுறை பார்த்தால் சில மாதங்களில் கை மறந்துவிடும். அடிக்கடி, கொஞ்ச நேரம் செய்வதுதான் பலன் தரும்.

தண்ணீர் வடிந்த பிறகு வருவது பற்றியும் ஒரு பாடம் வேண்டும். 2015இல் தண்ணீர் வடிந்ததும் வேறு மாவட்டங்களிலிருந்து ஆயிரக்கணக்கான தூய்மைப் பணியாளர்கள் சென்னைக்கு வந்து அழுகிய மெத்தைகளையும் செத்த விலங்குகளையும் அள்ளினார்கள். கையுறையும் கால் பூட்ஸும் எல்லாருக்கும் கிடைக்கவில்லை. காலில் சின்ன வெட்டுக்காயம் இருந்தாலே வெள்ளச் சேற்றிலிருந்து எலிக்காய்ச்சல் தொற்றலாம். வேலைக்கு இறங்கும் முன் மருத்துவரைக் கேட்டு மருந்து எடுத்துக்கொள்வதும், பிளீச்சிங் பவுடரை எவ்வளவு தண்ணீருக்கு எவ்வளவு கலப்பது என்பதும் பயிற்சியில் சேர்ந்தவைதான்.

ஒப்பந்தக்காரரின் ஆட்கள்

இவ்வளவு சொன்ன பிறகு ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது. எனக்கு மிகவும் வருத்தம் தரும் கேள்வி அது. மாநகராட்சி ஊழியர் என்று சொல்லும்போது நாம் யாரைச் சொல்கிறோம்?

சென்னையின் பெரும்பாலான மண்டலங்களில் குப்பை அள்ளுவதும் தெருப் பெருக்குவதும் இன்று தனியார் நிறுவனங்கள் வசம். வடிகால் தூர்வாருவதிலும் ஒப்பந்த ஆட்களே அதிகம். 41ஆவது பிரிவு 'அதன் அலுவலர்களும் பணியாளர்களும்' என்கிறது. அந்தச் சொல்லுக்குள் ஒப்பந்தத் தொழிலாளி வருவாரா? சட்ட வாதம் எப்படிப் போனாலும், மழை நாளில் அவர் தண்ணீரில் நிற்கிறார். பயிற்சி வகுப்பின் வருகைப் பதிவேட்டில் மட்டும் அவர் பெயர் இருப்பதில்லை.

இன்னொன்றும் உண்டு. தூய்மைப் பணியாளர் பலரின் வீடு எங்கே? கண்ணகி நகர், பெரும்பாக்கம் போன்ற மறுகுடியமர்வுப் பகுதிகளில். கூவம், அடையாறு கரைகளிலிருந்து அகற்றப்பட்ட குடும்பங்கள் வாழும் தாழ்வான தென்சென்னைப் பகுதி அது. ஊரெல்லாம் தண்ணீர் நிற்கும்போது அவர்களின் வீட்டு வாசலிலும் நிற்கும். குழந்தையை யாரிடம் விட்டுவிட்டு அதிகாலை வேலைக்கு வருவார்? பள்ளியும் லீவு. பேரிடர்ப் பணியாளருக்கான பயிற்சி அவருடைய குடும்பத்துக்கான ஏற்பாட்டிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்று கலிபோர்னியாவில் சொல்வதற்குக் காரணம் இதுதான். வீட்டு நிலவரம் தெரியாமல் நிற்பவருக்கு வேலையில் மனம் ஓடாது. முகாம் திறக்கும்போது ஊழியர்களின் குடும்பங்களுக்கென்று ஒரு கூடம் ஒதுக்குவது பெரிய செலவில்லை.

தீர்வு எங்கோ தொலைவில் இல்லை. டெண்டர் ஆவணத்தில் ஒரு பிரிவு சேர்த்தால் போதும்: ஒப்பந்த நிறுவனத்தின் ஒவ்வொரு தொழிலாளிக்கும் ஆண்டுக்கு இத்தனை நாள் பேரிடர் பயிற்சி, அந்த நாட்களுக்கு முழுக் கூலி, பூட்ஸும் கையுறையும் ரெயின்கோட்டும் நிறுவனத்தின் செலவு, இதைச் செய்யாவிட்டால் பில்லில் பிடித்தம். வாகன எண்ணிக்கைக்கும் குப்பைத் தொட்டி எண்ணிக்கைக்கும் பிடித்தம் போடும் ஒப்பந்தங்களில் இதையும் எழுத முடியும். நகர்ப்புற ஆணையம் தன் முதல் கூட்டங்களில் எடுக்க வேண்டிய முடிவு இது. நாள் கூலிக்கு வேலை செய்யும் பெண்ணிடம் 'நாளைக்குப் பயிற்சி, வந்துவிடு' என்று சொன்னால், அவர் கேட்கப்போவது ஒன்றே ஒன்றுதான்: அன்றைக்குக் கூலி உண்டா?